மருந்து போட்ட முடிவு

பால் பாக்கெட் வாங்கினால் அதில் போட்டிருக்கும் தேதியைப் பார்ப்பேன். எல்லோரும்தான் பார்ப்பார்கள். நான் அதோடு விடாமல், அந்தத் தேதி நிஜமாகவே கம்பெனியில் அச்சடித்ததுதானா, நடுவில் யாராவது புகுந்து விளையாடியிருக்கிறார்களா என்று விரலால் தேய்த்தும் பார்ப்பேன். குழந்தை பிறப்பதற்கு முன்பே நான் இப்படித்தான். பிறந்த பிறகு கேட்கவே வேண்டாம். யாராவது நிவியைப் பார்த்து "அழகா இருக்காளே" என்றால், எதற்காகச் சொல்கிறார்கள் என்று யோசிப்பேன். "கொஞ்சம் மெலிஞ்சிட்டாளோ" என்றால் அன்றைக்கு முழுக்க யோசிப்பேன்.

இவ்வளவு சந்தேகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, சந்தேகப்பட வேண்டிய ஒரு நாளில் தப்பான விஷயத்தைச் சந்தேகப்பட்டு, ஒரு குடும்பத்தையும் (பாவம்) ஒரு ஃபாதரையும் மாட்டிவிட்டேன்.

‘ஏழாம் வாயில்’ என்று ஒரு தொடர். பனி மூடிய ஏதோ ஒரு தேசத்தில் எடுத்தது. நமக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாத பாஷை; கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துத்தான் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு வாயில்கள், அவற்றுக்கு அப்பால் பேய்ப்படை, வாயில்களைக் காக்கிற மிராயா என்ற பெண், அவள் பேச்சை மட்டும் கேட்கிற யானை அளவுப் பறவை. எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இதற்கு வைத்த பெயர் ‘கதவு நாடகம்’. "எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு இதப் போய்ப் பாக்குறியேம்மா" என்பார்.

ஆனால் நிவி கைக்குழந்தையாக மடியை விட்டு இறங்காமல் இருந்த மாதங்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்தக் கதவுதான். அதைவிட முக்கியமாக, ஷீபா. என் கணவர் ஜான்சனின் தங்கை. அடையாறில் இருக்கிறாள், அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. அவள் அங்கே பார்ப்பாள், நான் இங்கே அபிராமபுரத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்பேன், முடிந்ததும் போனில் அலசுவோம். கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் தோழி அவள். நிவிக்கு ஞானத்தாய் யார் என்ற கேள்வியே எழவில்லை.

வந்தது சோதனை. நிவியின் ஞானஸ்நானத்துக்கு ஃபாதர் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையும், தொடரின் கடைசிப் பகுதி வெளியாகிற ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. ஏழாம் வாயிலை உள்ளே நின்றுதான் சாத்த முடியும். சாத்தியவர் திரும்பி வர முடியாது. போன வாரம் மிராயா கதவில் கையை வைத்தாள். அத்தோடு பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. (அந்த நேரத்தில் பெயர் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல கதியே கிடைக்காது.) ஆகவே நான், ஜான்சன், ஷீபா மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டோம். ஞானஸ்நானம் முடிந்து, பிரியாணி முடிந்து, விருந்தாளிகள் போன பிறகு சாயங்காலம் எங்கள் வீட்டில் சேர்ந்து பார்ப்பது. அதற்கு முன்னால் யார் பார்த்தாலும் துரோகி.

ஞாயிறு விடிந்ததுமே முதல் துரோகியை நான் பிடித்துவிட்டேன். ஜான்சன் போனோடு குளியலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் போனை வாங்கித் தொட்டுப் பார்த்தேன்.

"சூடா இருக்கு."

"சார்ஜ்ல இருந்துச்சும்மா."

"பாத்ரூம்ல ஏது சார்ஜ்?"

"பிரியாணிக்காரர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். மட்டன் வந்துடுச்சான்னு கேட்டேன். வேணும்னா நீயே அவருக்குப் போன் போட்டுக் கேளு."

கேட்டேன். மட்டன் வந்துவிட்டதாம். ஆனாலும் இரண்டு பேரும் கூட்டாகப் பேசி வைத்திருக்கலாம் இல்லையா?

ஆட்டோவில் போகும்போது டிரைவரின் போன் ஹாண்டில்பாரில் மாட்டியிருந்தது. யாராவது அனுப்பிய மிராயா படம் அதில் வந்துவிடுமோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "இன்னாம்மா, பயந்துகினே வரீங்க? மெதுவாத்தான போறேன்" என்றார் அவர். "அவங்க எப்பவும் இப்படித்தாங்க" என்றார் ஜான்சன். மடியில் நிவி வெள்ளை கவுனில் சமர்த்தாக வந்தாள். அன்றைக்கு அந்த ஆட்டோவில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

கோயில் வாசலில் ஷீபா நின்றிருந்தாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, முகத்தில் பாதியை மூடும் கூலிங் கிளாஸ்.

வானம் மழைக்குக் கறுத்துக் கிடந்தது. வெயில் என்ற பேச்சே இல்லை.

சென்னையில் பிறந்து வளர்ந்த எந்த மனுஷியும், மழைக்காலத்தில் கூலிங் கிளாஸ் போட்டு மூக்கை உறிஞ்சுகிற ஒருத்தியைக் கண்டால் அடுத்த நொடியில் காரணத்தைச் சொல்லிவிடுவாள். எனக்கு மட்டும் வேறொரு காரணம் தோன்றியது. இவள் அழுதிருக்கிறாள். விடியற்காலையில் எழுந்து, எனக்குத் தெரியாமல், தனியாகப் பார்த்திருக்கிறாள். மிராயா போய்விட்டாள்.

"நிவியை வாங்கிக்கோ ஷீபா."

"இருக்கட்டும் அண்ணி, உங்ககிட்டயே இருக்கட்டும்."

குழந்தையைக் கண்டால் பறித்துக்கொண்டு ஓடுகிறவள். இப்போது இரண்டடி பின்னால் போகிறாள். என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பையிலிருந்து சானிட்டைசரை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கை நடுக்கத்தை மறைக்கிறாள் என்று குறித்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள்கூட அவளை விட்டுச் சற்று ஒதுங்கித்தான் நின்றார்கள். ஓகோ, இவர்களும் பார்த்துவிட்டார்களா?

சடங்கு தொடங்கியது. ஞானத்தாய் குழந்தையை ஏந்த வேண்டிய நேரம் வந்தபோது ஷீபா நிவியை வாங்கினாள். நெஞ்சோடு அணைக்காமல், சுடுகஞ்சிப் பாத்திரத்தைத் தூக்குவது போலக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் காதருகில் போனேன்.

"பாத்துட்டியா?"

"எத அண்ணி?"

"தெரியாத மாதிரி கேக்காத. உள்ள போயிட்டாளா?"

"யாரு?"

"மிராயா!"

"அண்ணி, ஃபாதர் பாக்குறார். அப்புறம் பேசலாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நில்லுங்கள் என்கிறாள்! என்னை! ஃபாதர் மைக்கில் கேட்டார்: "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்" என்றாள் ஷீபா, தெளிவான குரலில்.

"பொய்!" என்றேன் நான்.

மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆனால் மைக் எனக்கும் ஷீபாவுக்கும் நடுவில் இருந்தது. ‘பொய்’ கூரை வரை போய், பாடகர் குழுவைத் தொட்டு, நிதானமாகத் திரும்பி வந்தது. ஆர்கன் வாசிப்பவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். ஜான்சன் கண்ணை மூடிக்கொண்டார். (அது ஜெபமில்லை என்று அவரே பிறகு சொன்னார்.) முன்வரிசையில் அத்தை கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார், அதற்குள்ளேயே போய்விட முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும். ஃபாதர் நல்ல மனிதர். சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, அதே கேள்வியை ஷீபாவிடம் இன்னொரு முறை கேட்டார். அவள் இன்னொரு முறை விட்டுவிட்டாள். நிவியின் தலையில் தண்ணீர் விழுந்தது. அவள் சிரித்தாள்.

முடிந்ததும் ஷீபாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால் போனேன்.

"கண்ணாடியைக் கழட்டு."

"வேணாம் அண்ணி, சொன்னாக் கேளுங்க."

நானே கழற்றினேன். இரண்டு கண்களும் சிவந்து, வீங்கி, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. எவ்வளவு அழுதிருந்தால் கண் இப்படி ஆகும்! மிராயா எப்படிச் செத்தாளோ! என் கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணீரைத் துடைத்தேன். எனக்கும் துக்கம் தாங்கவில்லை. அதே கைக்குட்டையால் என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

"ஐயோ அண்ணி! என்ன பண்றீங்க! இது மெட்ராஸ் ஐ!"

கைக்குட்டை என் கண்ணின் மேலேயே இருந்தது.

"நேத்து நைட்டே லேசா உறுத்துச்சு. காலைல எழுந்தா இப்படி. உங்ககிட்ட சொன்னா நிவி பக்கத்துலயே விடமாட்டீங்க. வேற யாரையாவது ஞானத்தாயா நிறுத்திடுவீங்க. அதான் கையெல்லாம் கழுவிக்கிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கிட்டு நின்னேன். என்னைத் திட்டுங்க அண்ணி. ஆனா நாடகத்தை நான் பாக்கல. கண்ணையே தெறக்க முடியல, எங்க போய்ப் பாக்கறது?"

பால் பாக்கெட்டைத் தேய்த்துப் பார்க்கிறவள் நான். குழந்தையைத் தொடுவதற்கு முன் டாக்டரையே கை கழுவச் சொன்னவள். என் கண்ணெதிரில் ஒரு நோய் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதனிடம் கதை கேட்டிருக்கிறேன். வெட்கத்தோடு நேராக ஃபாதரிடம் போய், அவர் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கைக்குட்டையும் கையில்தான் இருந்தது.

சாயங்காலம் யாருக்கும் நாடகம் பார்க்கிற தெம்பு இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் என் கண் ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஜான்சனுடையது. தனியாகக் கிடந்த ஷீபாவை அத்தை போய் அழைத்து வந்து எங்களோடு சேர்த்துவிட்டார். ஹாலில் மூன்று பாய், மூன்று துண்டு, மூன்று தலையணை. நிவி அத்தையின் அறையில். பால் குடிக்கிற நேரத்துக்கு மட்டும் அத்தை அவளைக் கொண்டுவருவார். என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, பக்கத்திலேயே காவல் நின்று, உடனே தூக்கிக்கொண்டு போய்விடுவார். (அவளுக்குக் கடைசிவரை ஒன்றும் வரவில்லை. நான் தினமும் அவள் கண்ணை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லி அத்தையின் உயிரை எடுத்தது தனிக் கதை.)

டிவி, போன் எதையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நலம் விசாரிக்கக் கூப்பிட்ட ஷீபாவின் சிநேகிதி "உனக்கு விஷயம் தெரியுமா, அந்த மிராயா..." என்று ஸ்பீக்கரில் ஆரம்பிக்க, மூன்று பேரும் கத்திக்கொண்டு குருட்டாம்போக்கில் போனை அணைக்கப் போய்த் தண்ணீர் ஜாடியை உடைத்தோம். சத்தம் கேட்டு அத்தை வந்தார்.

"அந்தக் கதவைச் சாத்துனாளா இல்லையான்னு தெரியணும், அவ்வளவுதான? நான் பாத்து, படிச்சு சொல்றேன். ஆளுக்கு ரெண்டு சொட்டு விடறேன், அசையாமப் படுங்க."

வகுப்பில் டிக்டேஷன் சொல்கிற குரலில் அத்தை தொடங்கினார். "அந்தப் பொண்ணு கதவுகிட்ட நிக்குது. தலையே வாரல. தாடிக்காரன் ஒருத்தன் போகாதேங்கறான். இவன் முன்னாடி எங்க போயிருந்தான்? பறவை வருது. யப்பா, எவ்ளோ பெருசு."

பிறகு கொஞ்ச நேரம் பேச்சையே காணோம்.

"அத்தை?"

"ம். படிச்சிட்டிருக்கேன். கதவு தானா சாத்திக்கிச்சு. பொண்ணு வெளியதான் இருக்கு. பறவை மேல ஏறிடுச்சு. ஊருக்குப் போகுது. அங்க அம்மா நிக்கறாங்க."

"மியூசிக் ரொம்ப சோகமா இருக்கே?"

"அவங்க ஊர்ல கல்யாணத்துக்கே அப்படித்தான் வாசிப்பாங்க போல."

"யாரோ அழற மாதிரி..."

"சந்தோஷத்துல அழறாங்கம்மா. எல்லாத்துக்கும் சந்தேகம்!"

மூன்று பேரும் கண்ணை மூடியபடியே கைதட்டினோம். ஷீபா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அன்று மதியம் அத்தை சமைத்ததில் சாம்பாரில் வெங்காயம், பொரியலில் வெங்காயம், தயிரிலும் வெங்காயம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய் வந்த அத்தை சொன்னார்: "ஃபாதர் கூலிங் கிளாஸோட பூசை வைக்கிறார். ‘பொய்’ சொன்ன பொண்ணுக்குக் கண்ணு சரியாயிடுச்சான்னு கேட்டார்."

எல்லோருக்கும் சரியான பிறகு, பறவை பறக்கிற அழகையாவது கண்ணால் பார்ப்போம் என்று மூன்று பேரும் உட்கார்ந்தோம். மிராயா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வரவில்லை. அந்த யானை அளவுப் பறவை வாசலில் நாய்க்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது. அம்மா என்று யாரும் அந்தப் பகுதியிலேயே இல்லை.

நாங்கள் அழுத அழுகையில் நிவியும் பயந்து அழுதாள். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை! வெளிய வந்துட்டான்னு சொன்னீங்களே!"

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? மூணு பேருக்கும் அப்பத்தான் சொட்டு விட்டிருந்தேன். அழுதா மருந்தெல்லாம் வெளிய வந்துடும்ல?"

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன, கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. கிச்சன்ல போய் வெங்காயம் நறுக்கினேன்."

கட்டிய கணவரின் போனைத் தொட்டுப் பார்த்தேன், கோயிலில் வைத்து நாத்தனாரைப் பொய்க்காரி என்றேன். ஆனால் என்னிடம் முழுப் பொய்யைச் சொன்ன ஒரே ஒருவரை வார்த்தைக்கு வார்த்தை நம்பியிருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் நல்ல செய்தி சொன்னாலும் ஒரு கேள்வி தப்பாது. ஜான்சன் "ஆபீஸ்ல எல்லாம் நல்லாத்தான் போகுது" என்றாலும் சரி, ஷீபா "அவர் அடுத்த மாசம் கப்பல்லேருந்து வந்துடுவார்" என்றாலும் சரி, யாராவது கேட்டுவிடுவோம்: "இது மருந்து போட்ட முடிவா, போடாத முடிவா?"

தொடரின் அடுத்த பாகம் வரப்போகிறதாம். நேற்று அத்தை தானாகவே பேச்செடுத்தார்: "அவ வருவா பாரு. கதவுன்னு ஒண்ணு இருந்தா தெறக்காமலா போயிடும்?"

"மருந்து போட்டு சொல்றீங்களா, போடாம சொல்றீங்களா?"

அத்தை நிவியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான் மெதுவாகச் சமையலறைக்குப் போய் வெங்காயக் கூடையைப் பார்த்தேன். நிரம்பியிருந்தது. ஒன்றுகூட எடுத்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கையை விட்டு அடிவரைக்கும் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.