கோட்டுக்கு மேலே அகரவரிசை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று கேட்க நான்கு நாளாகப் போன் அடிக்கிறேன். நீ எடுக்காததால், கோபப்படுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் ஆய்வேட்டுக்குப் பக்கம் அமைத்துத் தருகிறேன் என்று நான்தான் வலிய வந்து வாங்கிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் எதையும் செய்யவில்லை. எது எண், எது எழுத்து என்று கம்ப்யூட்டர் வகை கண்டுபிடிப்பதற்கு அறுபத்திரண்டு விதிகள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு கோடு, கீழே முடிவு, மேலே அதற்கு வேண்டிய கூற்றுகள். மேலே இருப்பதை எந்த வரிசையில் வைக்கட்டும் என்று கேட்டேனா இல்லையா? "எப்படி வெச்சாலும் கணக்குப்படி சரிதாம்ப்பா" என்று சொன்னது யார்? முப்பத்தோரு வருஷம் டெலிபோன் டைரக்டரிக்குப் பிழை திருத்தியவனிடம் போய் இப்படிச் சொன்னால் அவன் எப்படி வைப்பான்? அகரவரிசையில் வைத்தேன். எஃப் என்கிற சார்பிடம் ஏ என்கிற மதிப்பைக் கொடுக்கிற விதியில், எஃப்பைப் பற்றிய கூற்றுக்கு முன்னால் ஏ-வின் கூற்று வந்து நின்றுவிட்டது. "எஃப் என்ன கேக்குதுன்னே தெரியாம, ஏ அதுக்குப் பொருந்துதான்னு படிக்கிறவங்க எப்படிப்பா பாப்பாங்க? வெள்ளிக்கிழமை கொடுக்கணும்ப்பா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய். வைத்தது வைத்ததுதான்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் மென்பொருளைக் குடைந்து குடைந்து, கூற்றுகளுக்கு நம்பர் கொடுத்தால் அந்த வரிசையிலேயே அச்சாகும் என்று கண்டுபிடித்தேன். எதற்கு எந்த நம்பர்? அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு விதியாக வாசித்துக் காட்டினேன். "இருங்க இருங்க, இது யாருன்னே நீங்க இன்னும் சொல்லலையே" என்று அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் வரிசையை மாற்றினேன். முடிந்தபோது அம்மாவுக்குப் பாதி புரிந்திருந்தது. நீ ஏன் கத்தினாய் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. என்னை மன்னித்துவிடு கண்ணு. இனி உன் ஆய்வேட்டில் அகரவரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று காலை நானே போய் அச்சிட்டு, ஐந்து பிரதிக்கும் பைண்டிங் போட்டு அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை உன் கைக்கு வரும்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா

பின்குறிப்பு: நன்றியுரையில் மட்டும் லேசாகக் கை வைத்தேன். பதினோரு பேருக்குப் பின்னால் எங்களை நிறுத்தியிருந்தாய், மனசு கேட்கவில்லை. அகரவரிசைப்படி இப்போது அப்பா முதலில், அடுத்து அம்மா. உன் வழிகாட்டி, பாவம், 'வ'வில் தொடங்குகிறார். நீ விளையாட்டாக நன்றி சொல்லியிருந்த காபி மெஷினுக்கும் பின்னால் போய்விட்டார். கோபித்துக்கொண்டால் அவர் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.