ஸ்டெப்பர் அண்ணன் வீட்டுத் திரை

பினாங்குத் தீவிலேயே பேய், பிசாசு, அற்புதம் எதையும் துளிகூட நம்பாத மனிதர் யாரென்றால், எங்கள் ஸ்டெப்பர் அண்ணன்தான். பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர். குப்பையில் பழைய பிரின்டரைக் கண்டால் போதும், அதில் அடியடியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு சின்ன போர்டு, ஒரு குமிழ், ஒரு மோட்டார். குமிழை எவ்வளவு திருப்புகிறோமோ, மோட்டாரும் அவ்வளவு திரும்பும். அவர் வீட்டில் சோற்றுப் பானை மூடிகூட அப்படித்தான் திறக்கும்.

ஒரு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் எங்கள் தண்ணீர்ப் பந்தலின்மேல் சுழலும் மயில் ஒன்று வைத்தார். கூட்டத்தில் யாரோ இடித்ததில் குமிழின் வயர் கழன்றுவிட்டது. வயர் கழன்றால் அந்தப் போர்டு காற்றில் வரும் மின் இரைச்சலையெல்லாம் குமிழின் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். யாரும் தொடாமலே மயில் இப்படியும் அப்படியும் திரும்பியது. "முருகா!" என்று ஒரு பெண்மணி தேங்காய் உடைத்தார். இன்னொருவர் மோட்டாருக்கே திருநீறு பூசினார்.

"வயர் கழண்டுருச்சுலா! சாமியும் இல்ல, ஒன்னும் இல்ல!" என்று அண்ணன் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார். அடுத்த வருடம் பந்தல் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, பக்கவாதத்தில் படுத்துவிட்டார். இடது கை விரல்கள் மட்டும் அசைந்தன. அண்ணன் சன்னல் திரைக்கு மோட்டார் வைத்து, குமிழை அந்தக் கையருகே பொருத்தினார்.

"இருவது வருஷத்துல இந்த வீட்டுல என் பேச்சக் கேட்டது இந்தத் திரைதான் தம்பி" என்று அக்கா குழறலாகச் சிரித்தார்.

மாலையில் வேலை முடிந்து வரும் அண்ணன், கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்தே சன்னலைப் பார்ப்பார். திரை அசைந்தால் அக்கா விழித்திருக்கிறார். அதன் பிறகுதான் படியேறுவார்.

அக்கா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். கட்டில் காலி. திரை தானாகத் திறந்தது, மூடியது, மறுபடி கொஞ்சம் திறந்தது. வந்தவர்கள் கட்டிலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்குக் காரணம் தெரியும்.

"அண்ணே, வயர் கழண்டுருக்கும். ஸ்க்ரூ டிரைவர் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை."

"தெரியும் தம்பி. கட்டில நகத்தினப்பவே பாத்தேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருக்கட்டும்லா."

சாமி முன்னாலேயே நாற்காலி போட்டு ஏறிக் கத்திய மனிதர் அவர். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்றும் அந்தப் பக்கம் போனால் காரை நிறுத்திச் சன்னலை அண்ணாந்து பார்க்கிறேன். யாரும் அந்த வயரை மாட்டிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.