நண்டின் கட்டை அவிழ்த்தவன்

புதிதாகப் படித்தவனுக்கு வரும் தைரியம் இருக்கிறதே, அதைவிட ஆபத்தான பிராணி எங்கள் ஏரியில் கிடையாது. சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான்.

பி.பி.ஏ.வில் 'விற்பனைக் கலை' என்று ஒரு பாடம். வாடிக்கையாளரின் கண்ணைப் பார்க்க வேண்டும், புன்னகை மாறக் கூடாது, பொருளை இயக்கிக் காட்ட வேண்டும். டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து கடை விரித்த பழவேற்காட்டில், அவர்களுக்கு அப்புறம் வியாபாரம் தெரிந்தவன் நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். (நண்டு விற்றுத்தான் அம்மா எனக்கு ஃபீஸ் கட்டினாள் என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வரவில்லை.)

நேரடியாக ஒரு விற்பனை செய்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். அம்மாவிடம் ஒரு நாளைக்குக் கூடையைக் கேட்டேன்.

"அனுப்பம்பட்டு டீச்சரம்மா வூட்டுக்குப் போவணும். மாப்ள வந்துகிறாரு. அவங்க வாங்குறத பாத்துதான் அந்தத் தெருவே நம்மகிட்ட வாங்குது. கூடைய எறக்கிட்டு கம்முனு நில்லு. அவங்களே எடுப்பாங்க."

"கம்முனு நின்னா எப்டிம்மா விக்கும்?"

"விக்கும்."

சட்டையை இன் செய்து, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போனேன். டீச்சரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உயிரோட இருக்குதா தம்பி?"

பதிலாக, கொடுக்குகளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் காட்டினேன். ஒன்றல்ல, நான்கு. (தேர்ந்தெடுக்க வசதியாக இருக்குமாம்.)

குனிந்தபோது தொங்கிய என் அட்டையை ஒன்று கவ்விக்கொண்டது. நான் நிமிர்ந்தேன், அதுவும் கூடவே நிமிர்ந்தது. மற்ற மூன்றும் கூடத்துக்குள் ஓடின. மாப்பிள்ளை காபி டம்ளரோடு சோபா மேல் ஏறி நின்றார். இரண்டை வாளியைக் கவிழ்த்துப் பிடித்தோம். ஒன்று வாஷிங் மெஷின் அடியில் போனது போனதுதான். அத்தனைக்கும் நான் புன்னகையை விடவில்லை.

"முதல்ல சிரிக்கிறத நிறுத்து தம்பி," என்றார் டீச்சரம்மா. "இனிமே உங்கம்மாவ இங்க வர வேணாம்னு சொல்லிடு."

வீட்டில் சொன்னேன். அம்மா திட்டவில்லை.

"எத்தினி அவுத்த?"

"நாலு."

"ஒரு தெரு போச்சி," என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் என்னையும் கிளப்பினாள். "அந்த அட்டைய கயட்டி வெச்சிட்டு வா."

டீச்சரம்மா பாதிக் கதவைத்தான் திறந்தார். அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கூடையை இறக்கி ஒரு நண்டை எடுத்தாள். வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஓரமாக வைத்தாள். "இது உங்களுக்கு வேணாம்." அடுத்ததை எடுத்தாள். "இதுல சதை ஏறல." மூன்றாவதுக்குக் கதவு முழுசாகத் திறந்தது. ஐந்தாவதுக்கு டீச்சரம்மா கூடை பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எனக்கு எதையாச்சும் குடுப்பியா மாட்டியா வள்ளி?"

அம்மா ஆறு நண்டு கொடுத்தாள். பணத்தை எண்ணிக்கொண்டே டீச்சரம்மா என்னைப் பார்த்தார். "உன் புள்ள காட்டுனது மெய்தான். அந்த வாஷிங் மெஷின் நண்டு காலையில தானா வெளிய வந்துச்சி. நல்லா உயிரோட இருந்துது."

"அப்போ அதுக்கும் சேத்துக் குடுங்க," என்றாள் அம்மா.

டீச்சரம்மா சிரித்துவிட்டார். எனக்கு அம்மாவின் காலில் விழலாம் போலிருந்தது.

திரும்பும்போது ரயில்வே ஸ்டேஷனில் கேட்டேன். "அந்த அஞ்சும் நெஜமாவே சதை இல்லாததா?"

"பின்ன? பொய் சொன்னா மறுவாட்டி அந்த வாசல்ல எப்டி நிப்ப?"

"தெரிஞ்சே எதுக்குக் கூடையில போட்ட?"

ரயில் வந்துவிட்டது. அம்மா கூடையோடு ஏறிவிட்டாள். மதியம் குழம்பில் உடைத்துப் பார்த்தேன். ஐந்திலும் சதை இல்லை.

போன வருடம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். என் படிப்பு, வேலை, எதிர்காலத் திட்டம் என்று நான் ஆரம்பித்ததும் அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெண்ணின் அப்பாவிடம் திரும்பி, "பையனுக்கு வாய் ஜாஸ்தி. வலை போடத் தெரியாது. நண்டு கண்டா பயம். நல்லா யோசிச்சி சொல்லுங்க," என்றாள்.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது?" என்று அவர் அங்கேயே நாள் குறித்துவிட்டார்.

அந்த நண்டுக் கதை முழுவதையும் அம்மா மருமகளிடம் ஒப்பித்துவிட்டாள். இப்போது விருந்தாளி யாராவது வந்து நான் தொண்டையைக் கனைத்தால் போதும், சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்.

"இந்தாய்யா, கட்ட அவுக்காத."