முதல்வகுப்பாரும் சேவல் காலும்

எங்கள் ஊரில் வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறொன்றும் பேசாத மனிதர் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் சொன்ன ஒரு சொல்லைக்கூட ஊர் நம்பவில்லை. அவருடைய பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் முதல்வகுப்பார்.

அப்போது நான் பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார். அரசாங்கக் கச்சேரியிலிருந்து யாரோ பெரிய உத்தியோகத்தர் வருகிறார் என்று எங்கள் விதானையார் மாலையும் தேசிக்காயுமாகச் சுன்னாகம் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். ஊரின் தலைமைக்காரர் போகும்போது நாலு பேர் பின்னால் போகாவிட்டால் மரியாதை இல்லையே. அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

கோச்சி வந்தது. உத்தியோகத்தர் வரவில்லை. ஆனால் முதலாம் வகுப்புப் பெட்டிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் இறங்கினார். வெள்ளைக் கோட்டு, வெள்ளித் தலைமுடி, நிமிர்ந்த முதுகு. விதானையார் கையிலோ வாடத் தொடங்கிய மாலை. ஒரு கணம்தான் யோசித்தார். மாலை அந்தக் கழுத்தில் விழுந்தது.

"ஐயோ, நான் அந்த ஆள் இல்லை!" என்று பதறினார் வந்தவர். "நான் மலாயாவிலை ஒரு துரைக்குச் சமைச்சுப் போட்ட குசினிக்காரன். இந்தக் கோட்டும் துரை கழிச்சுத் தந்தது. மூண்டாம் வகுப்பிலைதான் வந்தனான். ஒரு துரைசானியின்ரை நாயைப் பிடிச்சுக்கொண்டு இருக்கத்தான் இந்தப் பெட்டியிலை ஏத்தினவை. அவ யாழ்ப்பாணத்திலை நாயோடை இறங்கிப் போட்டா. நான் பெட்டி மாறமுன்னம் கோச்சி வெளிக்கிட்டிட்டுது!"

விதானையார் எங்கள் பக்கம் திரும்பினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியளே? உண்மையான பெரிய மனிசருக்குத்தான் இந்த அடக்கம் வரும்."

அதே கோச்சியில், என்ஜினுக்கு அடுத்த மூன்றாம் வகுப்பிலிருந்து இன்னொருவனும் இறங்கினான். முகமெல்லாம் கரி, புகை பட்டுச் சிவந்த கண். கூலி வேலை தேடி வந்தவன். விதானையார் அவனையும் ஒருமுறைதான் பார்த்தார்.

"உவன்ரை கண்ணைப் பாருங்கோ. கள்ளக் கண்."

அன்றோடு அவன் 'கரிக்கோச்சி' ஆனான். துரைசானி நாய் பிடிக்கக் கூப்பிடும்வரை இருவரும் மூன்றாம் வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து ஒரு வாழைப்பழத்தைப் பங்கிட்டுத் தின்றுகொண்டு வந்தவர்கள் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

சிறு வயதிலேயே கப்பலேறிய முதல்வகுப்பார் அக்காவை நம்பித்தான் ஊர் திரும்பியிருந்தார். அக்கா செத்துப் போயிருந்தாள். கூரை இருந்த இடத்தில் கறையான் இருந்தது. அந்த இடிந்த வீட்டில் அவர் குடியேறினார். மாளிகையில் வாழ்ந்த மனிதர் துறவு பூண்டுவிட்டார் என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது.

"தோட்டத்திலை ஏதும் வேலை தாருங்கோ, தண்ணி இறைக்கத் துலா மிதிக்கிறன்" என்று விதானையாரிடம் போய்க் கேட்டார். விதானையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயா துலா மிதிக்கப் போறாராம்! பகிடியிலும் ஐயா பகிடி!" வேலை கரிக்கோச்சிக்குப் போனது, அரைக் கூலிக்கு. கள்ளக் கண்ணுக்கு முழுக் கூலி கொடுப்பார்களா?

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்வகுப்பாருக்கு உட்காரக் கதிரை கிடைக்கும், வெற்றிலைத் தட்டம் கிடைக்கும். சோறு மட்டும் கிடைக்காது. அவ்வளவு பெரிய மனிதரிடம் "பழஞ்சோறு கிடக்கு, சாப்பிடுறியளோ" என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்? வெற்றிலை தின்று தின்று வாய் சிவந்திருந்தது. கோட்டுக்குள் ஆள் மெலிந்துகொண்டே போனார்.

சித்திரைக் கஞ்சி வந்தது. கோயிலில் பெரிய கிடாரங்களில் கஞ்சி காய்ச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றும் நாள். அன்று வயிறு நிறையலாம் என்று முதல்வகுப்பார் கஞ்சி குடிக்கப் பனையோலைப் பிளா ஒன்றைக் கோலிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். விதானையார் கண்டுவிட்டார். ஓடிவந்து பிளாவைப் பிடுங்கினார். அகப்பையைக் கையில் கொடுத்தார்.

"ஐயாவின்ரை கையாலை தொடங்கினால்தான் சிறப்பு."

"எனக்குப் பசிக்குது, விதானையார்."

"ஊருக்கு ஊத்தினால் ஐயாவுக்கு வயிறு நிறைஞ்சமாதிரி, என்ன?"

கூட்டம் ஆரவாரித்தது. முதல்வகுப்பார் ஊற்றினார். ஊர் முழுவதற்கும் ஊற்றினார். கரிக்கோச்சிக்கும் ஊற்றினார். கடைசியில் கிடாரத்தைச் சுரண்டிய சத்தம்தான் மிச்சம். நான் சிரித்தேனா என்று கேட்காதீர்கள். அந்த வேளையில் எல்லோருக்கும் அது அழகான காட்சி.

மறுநாள் விதானையார் வீட்டுச் சேவலைக் காணவில்லை. சும்மா சேவலல்ல, வைரவருக்கு நேர்ந்துவிட்ட சேவல். விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. நேராகப் போய்க் கரிக்கோச்சியைப் பிடித்துவந்து பூவரச மரத்தில் கட்டினார்கள். செய்தி கேட்டு நான் போனபோது அவன் முதுகில் பனை மட்டை விழுந்துகொண்டிருந்தது.

முதல்வகுப்பார் மூச்சிரைக்க ஓடிவந்தார். கோட்டில் சிவப்பு இறகுகள் ஒட்டியிருந்தன.

"அவனை அவிட்டு விடுங்கோ! சேவலை எடுத்தது நான்! பசி தாங்கேலாமல் நான்தான் எடுத்தனான்!"

அடி நின்றது. விதானையார் மெல்ல நெஞ்சில் கை வைத்தார். "ஒரு கூலிக்காரனுக்காகக் களவைத் தன்ரை தலையிலை போடுறார். தெய்வம், தெய்வம்."

"தெய்வமும் இல்லை மண்ணும் இல்லை! இந்தா பாருங்கோ!" முதல்வகுப்பார் கோட்டுப் பைக்குள் கையை விட்டு வாழையிலைப் பொட்டலம் ஒன்றை இழுத்துப் பிரித்தார். உள்ளே சுட்ட சேவல் கால்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முடிந்தது, இனி நம்பித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

"அடேயப்பா!" என்றார் விதானையார். "நாங்கள் தேடித் திரிய, ஐயா கள்ளனின்ரை கொட்டிலுக்கை போய்ச் சாட்சியையும் பிடிச்சுக்கொண்டு வந்திட்டார்!"

சாட்சி கிடைத்துவிட்டதால் மட்டை இன்னும் பலமாக விழுந்தது.

"விதானையார், அவர் சொல்லுறது உண்மை. கோட்டுப் பையிலை எண்ணெய் ஊறிக் கிடக்குது, பாருங்கோ" என்றேன் நான்.

"வாத்தியார், நீங்கள் படிச்சனீங்கள். ஆனால் மனிசரைத் தெரியாது."

முதல்வகுப்பார் அடிக்குக் குறுக்கே விழுந்து கரிக்கோச்சியைக் கட்டிக்கொண்டார். அதன்பிறகுதான் விட்டார்கள், அவருடைய கோட்டில் படக்கூடாது என்று.

அடிபட்ட முதுகில் தடவ நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு நான் கரிக்கோச்சியின் ஓலைக் கொட்டிலுக்குப் போனேன். அவன் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் முதல்வகுப்பார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்.

"தம்பி, சத்தியமாய் நான்தான் எடுத்தனான்."

கரிக்கோச்சி முகத்தை மட்டும் திருப்பினான். "ஓம் அண்ணை, நீங்கள்தான் எடுத்தனீங்கள். நீங்கள் கள்ளன்தான். அந்தச் சட்டியிலை கஞ்சி கிடக்கு, ஆறமுன்னம் குடியுங்கோ."

முதல்வகுப்பார் சட்டியை எடுத்தார். குடிக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதார். மலாயாவிலிருந்து வந்த நாள் தொடக்கம் அவர் சொன்னதை அவர் முகத்துக்கு நேரே ஓம் என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவன்.

அதற்குப் பிறகு அரைக் கூலியில் இருவர் சாப்பிட்டார்கள். அது போதவில்லை. மாரி மழையோடு வந்த காய்ச்சல் முதல்வகுப்பாரைக் கொண்டுபோய்விட்டது.

சாவீடு பெரிதாக நடந்தது. பறைமேளம், பாதை நெடுக விரித்த நிலபாவாடை, மலாயாவில் அவர் ஆண்ட தோட்டங்களைப் பாடி அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம். விதானையார் பொய்யாக அழவில்லை. சொந்தத் தகப்பன் செத்ததுபோல விம்மி விம்மி அழுதார். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

கரிக்கோச்சியைக் கிட்ட விடவில்லை. அவன் சுடலை வேலியோரம் தனியே நின்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நல்ல மனிசன்" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"கள்ளன், வாத்தியார்" என்றான் அவன், புகை படாமலே சிவந்திருந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வைரவர் பாக்கிறார் எண்டு அழுதழுது சேவலை உரிச்ச கள்ளன். அந்தச் சேவல் காலை எனக்கெண்டுதான் கொண்டு வந்தவர்."