வினாடிக்கு நூறு

சோதனைப் பொத்தானைச் சல்லடை அமுக்கிய மூன்றாவது வினாடியில் திரை முழுக்கச் சிவந்துவிட்டது. அனுப்பிய ரெக்வஸ்ட் முந்நூறு, தோற்றது முந்நூறு.

சல்லடை என்பது அலுவலகத்தார் கொஞ்சம் அன்போடும் நிறைய வயிற்றெரிச்சலோடும் அவருக்கு வைத்த பெயர். யார் எந்த வெப்சைட்டைச் செய்துகொண்டு வந்தாலும் சலித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. பத்து வருஷமாக அதை ஈவிரக்கமில்லாமல் செய்துவந்தவர் இன்றைக்குப் பொத்தானை அமுக்குமுன் இரண்டு தடவை யோசித்தார். இந்த சைட்டைச் செய்தவன் அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிற சைட் அது. வினாடிக்கு நூறு ரெக்வஸ்ட், அதாவது நூறு பேர் திறந்து பார்ப்பதை, தாங்கினால் மைத்துனனுக்கு வேலை நிரந்தரம். தாங்காவிட்டால் நாலு மணிக்கு அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கிளம்பினால் நேரே வந்து இறங்குகிற இடம் சல்லடையின் வீட்டு சோபா. போன தடவை வேலை போனபோது எட்டு மாதம் அதை விட்டு எழுந்திருக்காதவன்.

சல்லடையின் மேஜைமேல் இரண்டு திரை. ஒன்று அவருடைய லேப்டாப். இன்னொன்று மேஜைக்கடியில் இருக்கும் சோதனை மிஷினுடையது; ரெக்வஸ்டெல்லாம் அதிலிருந்துதான் போகும். அதைச் சோதனைக்குத் தவிர வேறெதற்கும் யாரும் தொடக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். காலையில் பளிச்சென்று துடைத்திருந்த தரையில் செருப்பைத் தேய்த்தபடி அவர் லேப்டாப்பில் சைட்டைத் திறந்து பார்த்தார். திறந்தது.

"விழுந்துட்டு எழுந்திருக்கு" என்று முடிவுகட்டினார்.

தடுப்புக்கு மேலாக மைத்துனன் தலையை நீட்டினான். "அத்தான், இன்னும் ஆரம்பிக்கலையா? சர்வர்ல ஒண்ணுமே வரலையே."

"ஆரம்பிச்சு, விழுந்தும் போச்சு. விழுந்த பிறகு எங்கேர்ந்து வரும்?"

மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை. சல்லடைக்குப் பாவமாகத்தான் இருந்தது. சோபாவை நினைத்தால் இன்னும் பாவமாக இருந்தது. வேகத்தை ஐம்பதாகக் குறைத்தார். சிவப்பு. இருபது. சிவப்பு. பத்து. அதுவும் சிவப்பு.

தன் கண்ணையே நம்ப முடியாமல் அலுவலகத்தில் இருந்த எண்பது பேருக்கும் ஒரு மெயில் தட்டினார்: 'கண் ஆஸ்பத்திரி சைட் திறக்கிறதா என்று ஒரேயொரு முறை பார்த்துச் சொல்லவும்.' ஒரு முறை பார் என்றால் ஒரு முறையோடு நிறுத்துகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. நாலா பக்கமும் ரீஃப்ரெஷ் பொத்தான்கள் டக்டக்கென்று கேட்டன.

"அத்தான், இப்ப வருது. வினாடிக்கு நாற்பது."

"நான் பத்துதானே அனுப்பறேன்?"

"இங்க நாற்பதுன்னு காட்டுது."

"அப்ப நீ எண்ணறதும் தப்பு." ரிப்போர்ட்டில் இரண்டாவது குறையாக அதையும் எழுதிக்கொண்டு வேகத்தை ஒன்றுக்கு இறக்கினார்.

வீட்டிலிருந்து போன் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"என்னங்க, தம்பி பாஸா?"

"நடந்துட்டிருக்கு."

"நீங்க அவனைக் கைவிட்டுடாதீங்க. நான் குடும்ப குரூப்புல போட்டிருக்கேன், நம்ம புள்ள செஞ்ச சைட்டு, எல்லாரும் திறந்து பாருங்கன்னு. முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க. பெரியப்பா அவரோட பென்ஷன்காரங்க குரூப்புக்கும் அனுப்பிட்டாராம். சின்னத்தை ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்காங்க."

"பார்க்கட்டும், பார்க்கட்டும்" என்று போனை வைத்தார். வேறு நாளாக இருந்தால் இந்த இடத்தில் அவருக்குப் பொறி தட்டியிருக்கும். இன்றைக்கு அந்த சோபா கண்ணை மறைத்தது.

தடுப்புக்கு மேலே மைத்துனன் தலை மறுபடி முளைத்தது. வேர்த்துப்போயிருந்தான். "வினாடிக்கு இருநூத்தி இருபது, அத்தான். எப்படியோ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடுது. கொஞ்சம் குறைங்களேன்."

"ஒண்ணு. ஒரே ஒண்ணு அனுப்பறேன்டா. இதுக்கும் கீழ குறைக்கணும்னா நானே நடந்து போய்த்தான் கேட்கணும்."

"அந்த ஒண்ணு இங்க வந்து சேர்றதுக்குள்ள இருநூத்தி இருபதா ஆயிடுதே."

"உன் புரோக்ராம்ல என்னத்தை எழுதித் தொலைச்சே?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். எந்தச் சிக்கலையும் இரண்டே கேள்வியில் தீர்த்துவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பரப்பியவரும் அவரே.

"நூறு அனுப்பினப்போ சர்வர்ல எவ்வளவு வந்தது?"

"பூஜ்யம் சார்."

"ஒண்ணு அனுப்பினா?"

"இருநூத்தி இருபது சார்."

மேனேஜர் மோவாயைத் தடவினார். "தலைகீழா வேலை செய்யுது. அவ்வளவுதான் விஷயம். பத்தாயிரம் அனுப்புங்க, அடங்கிடும்."

பத்து வருஷ அனுபவத்தில் இப்படியொரு யோசனையை சல்லடை கேட்டதில்லை. ஆனால் நேரம் மூன்றே முக்கால். கடவுளை வேண்டிக்கொண்டு பத்தாயிரம் என்று போட்டு அமுக்கினார்.

அதே நேரத்தில் சைட் மெதுவாக வருகிறது என்று சின்னத்தை குரூப்பில் புகார் சொல்ல, அவர் மனைவி அங்கே எழுதினாள்: 'எல்லாரும் சேர்ந்து இன்னும் நாலு தடவை அமுக்குங்க, பாவம் புள்ள.' சொந்தபந்தம் ஒன்றுகூடி அமுக்கியது.

"முந்நூறு" என்றான் மைத்துனன். "முந்நூத்தி அறுபது. நானூத்திப் பத்து." பிறகு எண் நகரவில்லை. லேப்டாப்பிலும் சைட் வெள்ளையாக நின்றுவிட்டது. இந்தத் தடவை உண்மையாகவே விழுந்துவிட்டது.

சல்லடை ரிப்போர்ட்டின் கடைசி வரியை எழுதினார்: 'இந்த சைட் வினாடிக்கு ஒரு ரெக்வஸ்டைக்கூடத் தாங்காது.' எழுதிவிட்டுத் தடுப்புப் பக்கம் ஒரு முறை பார்த்தார். தங்கமான பையன். சோபாவில் படுத்திருந்த நாட்களில்கூடத் தன் தட்டைத் தானேதான் கழுவுவான்.

அச்செடுத்த தாளை மேனேஜர் கையில் வாங்கிப் பேனா மூடியைக் கழற்றினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மைத்துனன் சார்ஜரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான், தண்ணீர் பாட்டிலை வைத்தான், ஜிப்பை இழுத்தான்.

"அத்தான், சேர்ந்தே போயிடலாமா? அந்த நீலப் போர்வை இன்னும் இருக்குல்ல?"

சல்லடை லேப்டாப்பை மூடினார். தலையை மட்டும் ஆட்டினார்.

தரை துடைக்கிற அக்கா சாயங்கால முறைக்கு வாளியோடு வந்தார். யார் வேலை போகிறது, யார் வீட்டில் சோபா நிறைகிறது என்பதெல்லாம் அவருக்கு எதற்கு. "காலைத் தூக்குங்க தம்பி" என்றார். சல்லடை தூக்கினார். மேஜைக்கடியில் குனிந்த அக்கா, குனிந்தபடியே கேட்டார்:

"காலையில துடைக்கறப்போ ஈரம் பட்டுடப்போகுதேன்னு இந்தப் பெட்டியோட நெட் ஒயரைக் கழட்டி மேல சுத்தி வெச்சேன், அது அப்படியே இருக்கே, உங்க வேலைக்கு இது தேவையே இல்லையா தம்பி?"