பள்ளி நூலகத்துச் சல்லடைக்காரர்

உலகத்து உயிர்களையெல்லாம் வகை பிரித்து எழுதிய அறிஞர்கள் ஒரே ஒரு இனத்தைக் கோட்டை விட்டுவிட்டார்கள். சல்லடைக்காரர். அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், குளிரூட்டிய அறையில், சுழலும் நாற்காலியில் வசிப்பவர். படிப்பது அவர் வழக்கமல்ல. பிறர் படிப்பதைத் தடுப்பதே தொழில்.

எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். "எனக்கொண்ணும் இல்லைங்க, நான் எல்லாத்தையும் பார்த்தவன். பிள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன்" என்று எவராவது பேச்சைத் தொடங்கினால், அவரேதான்.

பள்ளிகளின் மின்நூலகத்தில் தீயது எதுவும் நுழையக் கூடாதென்று அரசு ஒரு சட்டம் போட்டது. நல்லதுதானே? பிள்ளைகள் கண்ணில் ஆபாசத்தைக் கொட்டிக் காசு பார்ப்பவர்களைத் தடுக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் எது தீயது என்று சட்டம் சொல்லவில்லை. அந்த வேலையைச் சல்லடைக்காரரிடம் விட்டுவிட்டது. அவர் ஒரு புத்தகத்தையாவது திறந்து பார்த்தாரா? அதற்கெல்லாம் நேரமேது! ஒரு தாளை எடுத்தார், எந்தெந்தச் சொல் தம் காதைச் சிவக்க வைக்கிறதோ அதையெல்லாம் வரிசையாக எழுதினார், முந்நூற்றுப் பதினேழு சேர்ந்ததும் (இத்தனையும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்) முத்திரை குத்தி, மின்நூலகம் நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். ஒரு பக்கம் நழுவினாலும் ஒப்பந்தம் ரத்து. நிறுவனத்தார் விவரமானவர்கள், பட்டியலிலுள்ள சொல் ஒன்று எந்தப் புத்தகத்தில் தென்பட்டாலும் முழுப் புத்தகத்தையும் பூட்டிவிட்டார்கள். உடற்கூறு நூல் போயிற்று. சுகாதாரக் கையேடு போயிற்று. கோழி வளர்ப்பும் போயிற்று. பெண் என்றால் அடங்கித்தான் கிடக்க வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் ஓதும் நூல் மட்டும் பத்திரமாக இருந்தது. அதில்தான் பட்டியல் சொல் ஒன்றுகூட இல்லையே!

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மாவுக்கு வெளியூர் ஆலையில் வேலை, அப்பா லாரி ஓட்டுநர். நூலகக் கணினியில் அவள், "ஏன் ரத்தம் வருது?" என்று கேட்டாள். "இது உன் வயதுக்கு ஏற்றதல்ல" என்று திரை பதில் சொன்னது. அவள் முடிவே கட்டிவிட்டாள். சாகப் போகிறோம், பெரியவர்கள் மறைக்கிறார்கள். வண்ணப் பென்சில்களைத் தம்பிக்குக் கொடுத்தாயிற்று. அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது நூலகர் பார்த்துவிட்டார்.

நூலகர் அம்மையாருக்குத் தற்காலிக வேலை. தடைசெய்யப்பட்ட விஷயத்தை வாயால் சொல்வதும் குற்றம் என்று சுற்றறிக்கை வேறு. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே சல்லடைக்காரருக்குப் போன் போட்டார்.

"சார், சுகாதாரக் கையேட்டைத் திறந்துவிடணும். எந்தச் சொல்லால பூட்டியிருக்குன்னு விண்ணப்பத்துல எழுதச் சொல்லுது. எழுதினா விண்ணப்பமே போகமாட்டேங்குது."

"ஏன் போகாது?"

"அந்தச் சொல் உங்க பட்டியல்ல இருக்கே சார்."

"பார்த்தீங்களா, எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுது!" குரலில் பெருமை வழிந்தது. "சரி, என்ன சொல்?"

"மாதவிடாய்."

மறுமுனையில் இருமல்.

"மேடம், போன்லயெல்லாம் இப்படிப் பேசலாமா?"

"ஒரு பொண்ணு செத்துடுவோம்னு நினைச்சு அழுதுட்டிருக்கா சார்."

"வீட்ல பொம்பளைங்க சொல்லிக்கட்டும். நீங்க விண்ணப்பத்தைத் தபால்ல போடுங்க. அதைப் பரிசீலிக்கிற குழு மூணு மாசத்துக்கு ஒருதரம் கூடும்."

"அதுக்குள்ள அவளுக்கு இன்னும் மூணு தடவை வந்துடும் சார்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அம்மையார் நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டியலின் சொற்களில் பதினொன்றைத் தாராளமாகப் பயன்படுத்திக் கால் மணி நேரம் பேசினார்.

"அப்போ நான் சாக மாட்டேனா மிஸ்?"

"சாகறதா? இன்னும் எண்பது வருஷம் இருந்து எங்களைப் படுத்தப்போற."

"பென்சிலைத் தம்பிகிட்ட திருப்பிக் கேட்கலாமா?"

"முதல்ல போய் அதைக் கேளு!"

பிழைத்த பெண் சும்மா இருப்பாளா? தெரிந்துகொண்டதைத் தோழிகளுக்கெல்லாம் சொன்னாள். ஒரு தோழியின் அப்பா புகார் எழுதினார். "அனுமதி பெறாத தகவலை வாய்வழியாக வழங்கியது ஏன்?" என்று அம்மையாருக்கு மெமோ வந்தது. "கேட்டாள், சொன்னேன்" என்று பதில் எழுதினார். அவர் வேலை நீட்டிப்பு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

புகார் எழுதிய அப்பா அரசு அதிகாரியல்ல. நம்மைப் போலவே நாலு விஷயம் படித்தவர். மூன்றாம் மாடிக்காரரைப் பற்றிச் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பவர். தொலைக்காட்சியில் நாப்கின் விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுபவர். நீங்களும் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சந்தோஷம். இப்போது இந்தப் பக்கத்தை வீட்டு மேசைமேல் விரித்து வைத்துவிட்டு எழுந்து போவீர்களா? இல்லை, மகள் கண்ணில் படாமல் மடித்து வைக்கக் கை போகிறதா?

போகிறதென்றால், குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாற்காலி நன்றாகச் சுழலும்.