வலப்பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்தவன்

கலியாணத்துக்குக் கொடுக்கும் பயோடேட்டாவில், 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில் உண்மையை எழுதிய ஒருவனையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. உண்மையை எழுதுவதென்றால் நான் 'ஞாயிறு பகல் தூக்கம்' என்று எழுதியிருக்க வேண்டும். 'சைக்கிள் ஓட்டம்' என்று எழுதினேன். (கீழே கையெழுத்தும் போட்டேன். வெட்கங்கெட்டவன்.)

காரணம் இருந்தது. எங்களுக்குச் சம்பந்தம் பேசித் தரும் ஞானம் அன்ரி, கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தியின் விபரத்தை வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பெயர் வினோதினி. வங்கியில் வேலை. ஞாயிறு காலைகளில் கால்வாயோரப் பாதையில் சைக்கிள் ஓடுவாளாம். படத்தில் சிரிக்காமல் கமராவை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அதுவரை வந்த சம்பந்தமெல்லாம் ஒன்றில் சாதகத்தால் தட்டிப்போயிருந்தது, இல்லாவிட்டால் என்னால். இதுவும் தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்று அந்தப் படத்தைப் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. அவ்வளவு ஆசை. அதனால்தான் பொய் எழுதினேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க நேரே வீட்டுக்குப் போவதில்லை. முதலில் கோயிலில் 'தற்செயலாக'ச் சந்திக்க வேண்டும். இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் ஒரே கோயிலுக்கு வந்து, ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி வீதி சுற்றி, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடும். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. யாருடைய மானமும் போகவில்லை.

"பிள்ளை கோயில் வேண்டாமெண்டு சொல்லுது" என்றார் ஞானம் அன்ரி. "ராஜகிரியப் பக்கம் அந்தச் சைக்கிள் பாதை இருக்கெல்லோ, அங்க வரட்டுமாம். தம்பியும் ஓடுறவர்தானே. ஆனா ஒழுங்கு அதேதான். ஒருத்தரும் ஒருத்தரையும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது."

அன்ரி போனதும் அம்மா என்னைப் பார்த்தார். "நீ எப்பயடா சைக்கிள் ஓடினனீ?"

"சின்ன வயசில..."

"சின்ன வயசில நீ நடக்கிறதுக்கே அழுதனீ."

நான்கு நாள் இருந்தது. மூன்றாம் மாடி ரிஸ்வான் நானா தன் சைக்கிளைத் தந்தார். "பயப்பட வாணாம் தம்பி. வாகனம் ஒண்டுமே வராத ரோடு. என்னா நடக்கப் போவுது?" என்று தைரியமும் தந்தார். ஃபிளாட்டின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துத் தூணைச் சுற்றிச் சுற்றிப் பழகினேன். நான்காம் நாள் விழாமல் இருபது சுற்றுச் சுற்றினேன். நானா கைதட்டினார். இருபது சுற்றும் வலப்பக்கமாகவே சுற்றியிருக்கிறேன் என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. (படித்தவன்தான். கணக்கியலில் பட்டம்.)

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்தப் பாதையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. வலப்பக்கம் கால்வாய், இடப்பக்கம் சதுப்பு நிலம், நடுவில் செங்கல் பதித்த வழுவழுப்பான வழி. பஸ் இல்லை, ஓட்டோ இல்லை, ஹோர்ன் சத்தம் இல்லை. விழுந்தால் பழியைப் போட ஒருவரும் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

கொழும்பு மக்கள் ஓட்டச் சப்பாத்தோடு வியர்வை சிந்திக்கொண்டிருந்த அந்த இடத்துக்கு அம்மா காஞ்சிபுரம் சேலையும் குடையுமாக 'தற்செயலாக' வந்திருந்தார். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஒரு வளைவில், மர வாங்கில் அமர்ந்து, ரீ ஃபிளாஸ்க்கோடு 'தற்செயலாக' இருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் ஞானம் அன்ரி கைகளை மேலும் கீழும் ஆட்டி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். நான் வாசலில் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஏறினேன். நேர்ப்பாதை. மிக அழகாக ஓடினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்து எனக்குச் சமமாக ஓடியது. அவள்தான். படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள்.

"அடிக்கடி வருவீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம். ஒவ்வொரு ஞாயிறும்."

"நானும் ஒவ்வொரு ஞாயிறும் வாறனான்" என்றாள். "ஒருநாளும் கண்டதில்லை."

இதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது பாதை இடப்பக்கம் வளைந்தது. அவள் வளைந்தாள். நானும் வளைந்தேன், எனக்குத் தெரிந்த பக்கம். பிரேக் என்று ஒரு சாமான் இருப்பது ஞாபகம் வந்தபோது சக்கரத்துக்குக் கீழே நிலம் இல்லை.

தண்ணீர் இடுப்பளவுதான். அதற்குக் கீழே முழங்காலளவு சேறு. தலையில் ஆகாயத்தாமரை ஒன்று வேரோடு இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாங்கில் பெண்ணின் அப்பா ஃபிளாஸ்க் மூடியை மிகக் கவனமாகத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வானத்தைப் பார்த்தார். அன்ரி கையை ஆட்டுவதை நிறுத்தவேயில்லை. அவர்களுக்கு என்னைத் தெரியாதே! ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

விசில் ஊதிக்கொண்டு காவலாளி ஓடி வந்தார். கையில் ஒரு பெரிய கொப்பி. தண்ணீருக்குள் இறங்குவது தடையாம். கூட வந்தவர் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால்தான் விஷயம் அங்கேயே முடியுமாம், இல்லாவிட்டால் அலுவலகத்துக்குப் போக வேண்டுமாம். சுற்றிப் பார்த்துவிட்டு, மிக அருகில் குடையோடு நின்ற என் அம்மாவிடமே போனார்.

"மே மஹத்தயா ஆவே கா எக்கத?" இந்த ஐயா யாரோடு வந்தவர் என்று சிங்களத்தில் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். என்னைப் பெற்ற, எனக்குப் பால் தந்த, பரீட்சைக்கு முதல்நாள் எனக்காக விரதம் இருந்த அம்மா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தன்னே நே" என்றார். தெரியாது.

உண்மையைச் சொன்னால், விழுந்தபோது வலிக்கவில்லை. இதுதான் வலித்தது. ('மகன் எண்டு சொல்லியிருந்தா மாப்பிள்ளை நீதான் எண்டு அவைக்குத் தெரிஞ்சிருக்குமேயடா' என்று அம்மா பிறகு விளக்கினார். அவர்களிடம் என் படம் மூன்று இருந்தது.)

காவலாளி வாங்கில் இருந்தவர்களைக் கேட்டார். அவர்களுக்கும் தெரியாது. அன்ரியைக் கேட்டார். அன்ரி சிங்களமே தெரியாதவர் போல விழித்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பேசாமல் சேற்றுக்குள்ளேயே நின்றுவிடலாம் போலிருந்தது.

அப்போது வளைவுக்கு அப்பால் போயிருந்த அவள் திரும்பி வந்தாள். சைக்கிளை நிறுத்தினாள். தண்ணீரில் நின்ற என்னைப் பார்த்தாள். சேலையோடு நின்ற அம்மாவை, வாங்கில் இருந்த அப்பாவை, ஆடிக்கொண்டிருந்த அன்ரியை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அபே கெனெக்" என்றாள் காவலாளியிடம். எங்கட ஆள்.

அன்ரியின் கைகள் அந்தரத்தில் நின்றன. காவலாளி கொப்பியை விரித்து, என்ன உறவு என்று கேட்டார். அவள் பேனாவை வாங்கிக் கொஞ்சம் யோசித்தாள். "அதை இன்னும் முடிவு செய்யேல்லை" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தாள். பெண்ணின் அப்பா எழுந்து வந்து ஒரு மூடி ரீயை என்னிடம் நீட்டினார். "குடியுங்கோ தம்பி. குளிரும்" என்றார். என் கண் கலங்கிவிட்டது. நல்ல வேளை, முகம் முழுக்கச் சேறு.

நான்கு மாதத்தில் கலியாணம். இடப்பக்கம் திரும்புவதை வினோதான் பிறகு எனக்குப் பழக்கினாள். ஆனால் வீட்டில் சோறு அடிப்பிடித்தாலும், நான் எங்காவது வழிதவறிப் போனாலும், "மாமி, இவரை உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்பாள். அம்மா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் "தன்னே நே" என்பார்.

போன மாதம் மகளின் பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி. பெற்றோருக்கு மெதுவாகச் சைக்கிள் ஓடும் போட்டி வைத்தார்கள். நான்தான் மிக மெதுவாக ஓடினேன். அதிலும் மெதுவாகச் சரிந்து விழுந்தேன். மிஸ் ஒலிவாங்கியில், "ஐயோ, இது யாரின்ர அப்பா?" என்று கேட்டார்.

முன்வரிசையில் இருந்த என் ஐந்து வயது மகள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியாது மிஸ்" என்றாள்.

பிள்ளை யாருடைய சாயல் என்று ஐந்து வருடமாக இரண்டு குடும்பத்துக்கும் இடையில் நடந்துவந்த வாக்குவாதம் அன்றோடு முடிந்தது. அம்மாதான் வென்றார்.